கால் ரிப்கன் என்ற பேஸ்பால் வாத்தியார்



வழக்கமாக நம் பக்கத்து ஏரி, கல்வெட்டு, பழைய ரயில் பாதை என்று எழுதுபவன் இன்று கடல் தாண்டிப் போகிறேன். சற்று நீண்ட பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே என் பேரன் பேஸ்பால் ஆடுகிறான். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்டிமோர் நகரில் உள்ள கேம்டன் யார்ட்ஸ் மைதானத்துக்கு என்னை அழைத்துப் போனார்கள். ஓரியோல்ஸ் என்ற அணியின் சொந்த மைதானம். அங்கே ஆறு வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. அந்த அணிக்காக ஆடியும் நடத்தியும் பெரும்புகழ் பெற்ற ஆறு பேர்: ஃபிராங்க் ராபின்சன், புரூக்ஸ் ராபின்சன், ஏர்ல் வீவர், ஜிம் பாமர், எடி முரே, கால் ரிப்கன் ஜூனியர்.

கடைசிப் பெயரைக் கேட்டதும், "ஜூனியர் என்றால் சீனியர் ஒருவர் இருக்க வேண்டுமே, அவர் எங்கே?" என்று கேட்டேன். வாத்தியார் புத்தி. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டால் கண் அங்கேதான் போகும்.

"அவருக்குச் சிலை இல்லைப்பா. ஆனா இந்த ஆறு பேரில் மூணு பேர் அவர்கிட்ட பாடம் படிச்சவங்க" என்றான் மகன்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஊருக்குத் திரும்பும் வரை அந்த மனிதரைப் பற்றியே கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்தேன்.

(பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கால்வின் என்பதன் சுருக்கம்தான் கால். தகப்பன், மகன் இருவருக்கும் ஒரே பெயர். குழப்பம் வராமல் இருக்க, தகப்பனைப் பெரியவர் என்றும் மகனை ஜூனியர் என்றும் எழுதுகிறேன்.)

பெரியவர் 1935 டிசம்பர் 17 அன்று மேரிலாண்டில் ஆபர்டீன் என்ற சிற்றூர்ப் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையைச் சாலை விபத்தில் இழந்தவர். 1957-இல் ஓரியோல்ஸ் நிறுவனத்தில் கேட்ச்சராகச் சேர்ந்தார். கேட்ச்சர் என்பவர் நம் விக்கெட் கீப்பர் போல. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் பிடிப்பவர். மைதானம் முழுவதும் அவர் கண்முன் இருக்கும். ஆட்டத்தை நடத்துகிறவரும் ஒரு வகையில் அவர்தான்.

அமெரிக்க பேஸ்பாலில் மேஜர் லீக் என்பது உச்சி. அதற்குக் கீழே மைனர் லீக் என்று பல படிகள். சின்னச் சின்ன ஊர்களில் சின்னச் சம்பளத்துக்கு ஆடி, தேறியவர்கள் மட்டும் மேலே போவார்கள். நம் பெரியவர் அந்த உச்சிக்குப் போகவே இல்லை. தோளில் பட்ட அடி அவருடைய ஆட்ட வாழ்க்கையை முடித்துவிட்டது. மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை.

ஆட முடியாதவர் சொல்லிக்கொடுக்கப் போனார். 1961 முதல் 1974 வரை பதினான்கு ஆண்டுகள் ஓரியோல்ஸின் மைனர் லீக் அணிகளுக்கு மேலாளராக இருந்தார். புளோரிடா, விஸ்கான்சின், தெற்கு டகோட்டா, வாஷிங்டன், நியூயார்க், டெக்சாஸ், வட கரோலினா என்று மாநிலம் மாநிலமாக மாற்றல். மேலாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைக்காதீர்கள். பயிற்சியாளர், மைதானத்தைச் சீர்செய்பவர், சில சமயம் அணியின் பேருந்தை ஓட்டுபவர் எல்லாம் அவர்தான். ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அந்தக் காலத்தில் ஓரியோல்ஸ் நிறுவனத்தில் ஒரு முறை இருந்தது. கீழ்ப்படியில் உள்ள அணி முதல் மேல்படி வரை எல்லா இடத்திலும் ஒரே பாடம், ஒரே பயிற்சி. பந்தை எப்படிக் குனிந்து எடுப்பது, யாருக்கு எறிவது, எந்தக் காலை முன்வைப்பது என்பதெல்லாம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கற்பிக்கப்படும். மேலே போகும் பையன் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. அதை 'ஓரியோல்ஸ் வழி' என்பார்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்தைச் சரியாகப் போடச் சொல்லிக்கொடுத்தால் ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு வேலை மிச்சம் என்று நான் ஆசிரியர் கூட்டங்களில் சொல்வேனே, அதேதான். அந்த வழியைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவர் இந்தப் பெரியவர்.

அவர் அடிக்கடி சொல்லும் கருத்து ஒன்று உண்டு. பழகினால் மட்டும் போதாது, சரியாகப் பழக வேண்டும் என்பார். தப்பாக நூறு முறை செய்தால் தப்புதான் கையில் படியும். கோணல் கையெழுத்தோடு நோட்டு நோட்டாக எழுதி வந்த என் மாணவர்களுக்கு இது இப்போதாவது விளங்கட்டும்!

1964-இல் தெற்கு டகோட்டாவில் அவரிடம் வந்த பதினெட்டு வயதுப் பையன் ஜிம் பாமர். பின்னாளில் மேஜர் லீக்கில் 268 ஆட்டங்களை வென்ற பந்துவீச்சாளர். 1974-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் வந்த இன்னொரு பதினெட்டு வயதுப் பையன் எடி முரே. பின்னாளில் 504 ஹோம்ரன் அடித்தவர். (ஹோம்ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி.) சிலைகளில் இருவர் இவர்கள். மூன்றாவது, அவர் பெற்ற பிள்ளை.

ஜூனியர் 1960 ஆகஸ்ட் 24 அன்று பிறந்தார். பெரியவருக்கு ஒரு மகள், மூன்று மகன்கள். சீசன் முழுக்க அப்பா ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வயலட் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கணவர் இருக்கும் ஊருக்குப் போவார். அப்பா வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. இருக்கும் நேரத்திலும் ஊரார் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் இலவசமாகப் பயிற்சி கொடுக்கப் போய்விடுவார்.

இதைப் பற்றி ஜூனியர் பிற்காலத்தில் சொன்ன ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. சனிக்கிழமை விடியற்காலை எழுந்து அந்தப் பயிற்சிக்கு அப்பாவோடு அவரும் போவாராம். தம்பிகள், அக்கா யாரும் எழுந்து வர மாட்டார்கள். இவர் போனது பேஸ்பால் கற்றுக்கொள்ள மட்டும் அல்ல. போகும்போதும் வரும்போதும் காரில் அப்பா தனக்கு மட்டும் கிடைப்பார் என்பதற்காகவும்தான்.

நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று வாழ்நாளைக் கழித்த எல்லா ஆசிரியர்களும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நானும் நின்றேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூனியர் சொல்லும் இன்னொரு கதை. குளிர்காலத்தில் தெருவில் விழுந்த பனியைத் தள்ள அப்பா டிராக்டரைக் கிளப்பியிருக்கிறார். கைப்பிடி போட்டுச் சுற்றும் பழைய வண்டி. கைப்பிடி தெறித்து நெற்றியில் அடித்து ரத்தம் கொட்டியிருக்கிறது. மருத்துவமனைக்குப் போகலாம் என்று மகன் பதற, அப்பா வீட்டுக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்து மிச்சப் பனியையும் தள்ளி முடித்தாராம். எடுத்த வேலையை முடிக்காமல் போகாத மனிதர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய எண் வரப்போகிறது.

1976-இல் பெரியவர் மேஜர் லீக் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரானார். அடுத்த ஆண்டு முதல் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர். ஓடி வரும் ஆட்டக்காரரைப் பார்த்து, நில் அல்லது ஓடு என்று கைகாட்டுகிறவர். அவர் கையசைவை நம்பித்தான் ஓட வேண்டும். 1981-இல் ஜூனியர் அதே அணிக்கு வந்தார். 1982 மே 30 அன்று தொடங்கி ஓர் ஆட்டமும் விடாமல் ஆட ஆரம்பித்தார். 1983-இல் அணி உலகத் தொடரை வென்றபோது கடைசிப் பந்தைப் பிடித்தது ஜூனியர். அணியின் பயிற்சியாளர் வரிசையில் நின்றது அப்பா.

1987-இல் பெரியவர் ஓரியோல்ஸ் அணியின் மேலாளர் ஆனார். முப்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகு கிடைத்த பதவி. அந்த ஜூலை 11 அன்று இளைய மகன் பில்லியும் அணிக்கு வந்துவிட்டார். ஒரு தகப்பன் தன் இரண்டு மகன்களை ஒரே நேரத்தில் மேஜர் லீக் அணியில் நடத்தியது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று டொராண்டோவில் நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமான பக்கம்.

ஜூனியர் அதுவரை ஆட்டங்களை மட்டும் அல்ல, ஓர் இன்னிங்ஸைக்கூட விட்டதில்லை. 8,243 இன்னிங்ஸ் தொடர்ச்சி. அந்த எண்ணைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. பேச்சு வளர வளர அது பிள்ளையின் தலையில் பாரமாகிக்கொண்டிருந்தது. அன்று ஆட்டத்தில் 18-க்கு 3 என்ற கணக்கில் படுதோல்வி. எதிரணி பத்து ஹோம்ரன் அடித்தது. எட்டாவது இன்னிங்ஸில் அப்பா மகனிடம் போய், வெளியே வருவதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மகன் திருப்பிக் கேட்டார். வருவது நல்லது என்று அப்பா சொன்னார். மகன் சரி என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான். வேறு மேலாளர் யாரும் செய்யத் துணியாத காரியத்தைத் தகப்பனே செய்தார், மகனைக் கேட்டுவிட்டு.

அடுத்த ஆண்டு வந்தது அடி. 1988 சீசனின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. ஆறே ஆட்டம்! முப்பது ஆண்டுக்கு மேல் அதே நிறுவனத்தில் உழைத்தவரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மகன்கள் இருவரும் அதே அணியில் இருக்கும்போதே. அவருக்குப் பின் ஃபிராங்க் ராபின்சன் வந்தார். அதற்குப் பிறகும் அணி பதினைந்து ஆட்டம் தோற்றது. மொத்தம் தொடர்ந்து 21 தோல்வி. குற்றம் யாருடையது என்பதை அந்த 21 என்ற எண்ணே சொல்லிவிட்டது.

அப்பா அணிந்த 7-ஆம் எண் சட்டையை வேறு யாரும் போடக் கூடாது என்று பில்லி தன் எண்ணை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டார். ஜூனியர் எதுவும் பேசாமல் அடுத்த நாளும் ஆடினார். அதற்கடுத்த நாளும் ஆடினார். வேறு அணிக்குப் போகவும் இல்லை. 2001-இல் ஓய்வு பெறும் வரை 21 சீசனும் ஓரியோல்ஸ்தான்.

பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? 1989-இல் அதே அணிக்கு, அதே மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் வேலைக்குத் திரும்பி வந்தார். தலைமையாசிரியராக இருந்தவரை இறக்கிவிட்டபின் அதே பள்ளியில் உதவி ஆசிரியராக வந்து கரும்பலகையைத் துடைப்பது போல. எத்தனை பேரால் முடியும்? 1992 வரை இருந்தார். அதோடு சீருடையைக் கழற்றினார். 1957 முதல் கணக்கிட்டால் 36 சீசன்கள், ஒரே நிறுவனம்.

இப்போது அந்தப் பெரிய எண். லூ கெரிக் என்ற நியூயார்க் ஆட்டக்காரர் 2,130 ஆட்டம் தொடர்ந்து ஆடியிருந்தார். 1939-இல் கொடிய நரம்பு நோயால் அது நின்றது. 56 ஆண்டு யாரும் அதை நெருங்கவில்லை. 1995 செப்டம்பர் 6 அன்று கேம்டன் யார்ட்ஸில் ஜூனியர் 2,131-ஆவது ஆட்டம் ஆடினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடக்கவில்லை. மக்கள் ஆட்டத்தின் மேல் கசந்து போயிருந்தார்கள். அன்று எல்லாம் மாறியது. அமெரிக்க அதிபர் கிளிண்டன் வந்திருந்தார். கெரிக்கோடு ஆடிய ஜோ டிமாஜியோ வந்திருந்தார். ஐந்தாவது இன்னிங்ஸில் ஆட்டம் கணக்கில் சேர்ந்ததும் மைதானத்தை ஒட்டிய செங்கல் கிடங்குச் சுவரில் தொங்கிய எண் 2130-லிருந்து 2131 ஆனது. 22 நிமிடம் ஆட்டம் நின்று, கைதட்டல் ஓயவில்லை. ஜூனியர் மைதானத்தைச் சுற்றி ஓடி, வேலிக்கு மேல் நீண்ட கைகளையெல்லாம் குலுக்கினார்.

அப்போது பெரியவர் எங்கே இருந்தார்? மைதானத்தில் இல்லை. மேலே ஓர் அறையின் முகப்பில், கோட்டும் டையுமாக நின்றுகொண்டிருந்தார். மகன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. அதிகம் பேசாத குடும்பம். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது என்று ஜூனியர் பிறகு சொல்லியிருக்கிறார். என் மகன் அந்தக் காணொளியை எனக்குப் போட்டுக் காட்டினான். மூன்று முறை பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து ஜூனியர் ஒலிபெருக்கியில் நால்வருக்கு நன்றி சொன்னார்: அப்பா, அம்மா, எடி முரே, மனைவி. ஆட்டத்தைச் சரியான வழியில், ஓரியோல்ஸ் வழியில் ஆடக் கற்றுத் தந்தவர் என்று அப்பாவைச் சொன்னார். நால்வரில் இருவர் ஒரே பள்ளிக்கூடம் என்பதைக் கவனித்தீர்களா? ஒருவர் வாத்தியார், ஒருவர் வாத்தியாரின் பழைய மாணவர்.

அந்தத் தொடர்ச்சி 2,632 வரை போனது. 1998 செப்டம்பர் 20 அன்று ஜூனியர் தாமாகவே மேலாளரிடம் போய், இன்று நான் ஆடவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து, 1999 மார்ச் 25 அன்று பெரியவர் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 63. என்னைவிட இளையவராகவே போய்விட்டார். 2001-இல் பிள்ளைகள் அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டிடங்கள் அமைத்துத் தருகிறார்கள். சனிக்கிழமை காலைப் பயிற்சி இன்னும் நடக்கிறது என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

மேலாளராக அவருடைய கணக்கைப் பார்த்தால் 68 வெற்றி, 101 தோல்வி. புள்ளிவிவரப் புத்தகத்தில் அவர் தோற்றவர். நல்ல ஆசிரியரின் மதிப்பெண் அவருடைய விடைத்தாளில் இருக்காது. மாணவர்களின் விடைத்தாளில்தான் இருக்கும்.

இனி, பிறகு சொல்கிறேன் என்றேனே, அது.

டொராண்டோ கதையைச் சொல்லி முடித்துவிட்டு என் மகன் காரை ஓட்டிக்கொண்டே சிரித்தான். "அவர் கேட்டாருப்பா. நீங்க கேக்கலை" என்றான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் ஐந்தாம் வகுப்பில் என் பள்ளியில், என் வகுப்பிலேயே படித்தான். ஒன்றிய அளவில் பேச்சுப் போட்டி. பள்ளிக்கு ஒருவர். சக ஆசிரியர்கள் அவன் பெயரை எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் பாத்ரூமிலும் மொட்டை மாடியிலும் பேசிப் பழகினான். கடைசி நேரத்தில், வாத்தியார் பிள்ளை என்று ஊர் பேசும் என்று நினைத்து நான் அவன் பெயரை அடித்துவிட்டு வேறு மாணவன் பெயரை எழுதினேன். காலை வழிபாட்டில் பெயர் வாசித்தபோதுதான் அவனுக்கே தெரியும். வரிசையில் நின்றபடி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேர்மையாக நடந்துகொண்டேன் என்று முப்பத்தைந்து ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தேன்.

(அன்று போய்ப் பேசிய மாணவன் இதைப் படித்துக்கொண்டிருப்பான். தம்பி, நீ நன்றாகப் பேசினாய். உன் மேல் ஒரு குறையும் இல்லை.)

எடுத்தது தவறா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்காமல் எடுத்தது தவறு. பெரியவரும் தன் மகனை எடுத்தார். ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டார். ஒரே ஒரு கேள்வி. அதனால்தான் எட்டு ஆண்டு கழித்து அந்த மகன் தலையை நிமிர்த்தி அவரைத் தேடினான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"தப்புதான்டா" என்று காரிலேயே சொன்னேன். "விடுங்கப்பா, இப்ப என்ன" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "இப்பவும் அந்தப் பேச்சு மனப்பாடமா இருக்கு" என்றான். சொல்லச் சொன்னேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முழுவதையும் சொன்னான். பின்சீட்டில் பேரன் தூங்கிப்போயிருந்தான். காரில் நானும் அவனும்தான்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று அப்பா, அம்மா, சிலர் ஆசிரியர்களும்கூட. நீங்கள் செய்வது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்களில் யாரையாவது நான் இப்படிக் கேட்காமல் எந்தப் பட்டியலிலிருந்தாவது எடுத்திருந்தால் கீழே எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்லத்தான் இப்போது எனக்கு நேரம் இருக்கிறதே.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு சார்